பத்து வாதைகள் பாடத்தைத் திருத்துங்கள்: மறைக்கல்விப் பணிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தந்தையரே, அருள்சகோதரிகளே,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

இவ்வாண்டு மறைக்கல்வித் தேர்வில் வந்த ‘எகிப்தின் பத்து வாதைகளை வரிசையாக எழுதுக’ என்ற கேள்வி தாங்கள் அறிந்ததே. அடிமைகளான இஸ்ரயேலரை விடுவிக்க மறுத்த எகிப்து மன்னன் பார்வோனின் நாட்டின்மேல் கடவுள் வரச்செய்த பத்துத் துன்பங்களே இந்த வாதைகள். ஆசிரியர் கையேட்டில் அந்தப் பாடத்தின் மையக்கருத்தாக ‘கீழ்ப்படியாதவர்களுக்குக் கடவுள் நோய் அனுப்புகிறார்’ என்று அச்சிட்டிருப்பதும் தாங்கள் அறிந்ததே. அந்த வரியை நீக்குங்கள் என்று கேட்கவே இம்மடல்.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் மகளும் அந்த வகுப்பில் இருப்பாள். ‘அப்பா என்ன பாவம் செய்தார்?’ என்று அவள் வீட்டில் போய்க் கேட்டால் யார் பதில் சொல்வது? பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டிச் சீடர்கள் கேட்டதும் இதைத்தான். அவர் செய்த பாவமும் இல்லை, பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்றார் ஆண்டவர் இயேசு (யோவா 9:3). அவர் மறுத்ததை நம் கையேடு கற்பிக்கிறது.

பத்தில் நோய் என்று சொல்லத்தக்கவை இரண்டே: கால்நடைகளின் சாவு, கொப்புளங்கள். தவளை, கல்மழை, வெட்டுக்கிளி, இருள் எல்லாம் என்ன நோய்? இவற்றை விவரிக்கும் விவிலியத்தின் விடுதலைப் பயண நூல் இவற்றை அடையாளங்கள், அருஞ்செயல்கள் என்கிறது (7:3). ஆண்டவர் யார் என்பதை எகிப்தியர் அறிய வேண்டும் (7:5). இஸ்ரயேலர் அதைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் (10:2). பார்வோனின் மந்திரவாதிகள், நீர் இரத்தமானது, தவளை என்ற முதல் இரண்டையும் செய்துகாட்டினார்கள். மூன்றாவதான கொசுவில் தோற்று, ‘இது கடவுளின் விரல்’ என்று ஒப்புக்கொண்டார்கள். பாடத்தின் அச்சாணி இந்த இடம்தான். கையேட்டில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

அந்த வல்லமை யாருக்கு எதிராக எழுந்தது? எபிரேய ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறியச் சொன்ன பார்வோனுக்கு எதிராக (1:22). முதல் அடையாளத்தில் இரத்தமானது அதே நதி. குழந்தைகளைக் கொல்லும் ஆணைக்குக் கண்டனமாகவே அது நடந்தது என்று சாலமோனின் ஞானம் என்ற நூல் விளக்குகிறது (11:6-7). அதே அதிகாரம், கடவுள் எல்லார்மீதும் இரங்குகிறார், மனிதர் மனம் மாறும்படி அவர்கள் பாவங்களைப் பாராமல் இருக்கிறார் என்றும் சொல்கிறது (11:23). கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கும் இந்நூலை நம் கையேடே தொடவில்லை.

வரிசை மனப்பாடத்துக்கு இத்தனை மதிப்பெண் தருவதும் சரியல்ல. 105ஆம் திருப்பாடல் இந்த வாதைகளை இருளில் தொடங்கிச் சொல்கிறது. கால்நடைச் சாவையும் கொப்புளத்தையும் சொல்வதே இல்லை. திருப்பாடல் ஆசிரியர் நம் தேர்வை எழுதினால் மதிப்பெண் இழப்பார். 1965இல் வெளிவந்த இறைவெளிப்பாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு, விவிலிய ஆசிரியர்கள் கையாண்ட இலக்கிய வகைகளைக் கவனிக்கச் சொல்கிறது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் வினாத்தாள் பட்டியலைத்தான் கேட்கிறது.

கோபம் சற்று மிகுந்திருந்தால் மன்னியுங்கள். ஜூன் மாதம் வகுப்புகள் தொடங்குமுன் அந்த வரியை நீக்கி, ‘அடிமைகளை விடுவிக்கும் கடவுளுடைய வல்லமையின் அடையாளங்கள்’ என்று மாற்றுங்கள். புதிதாக அச்சிட இயலாவிட்டால், ஒரு பக்கத் திருத்தத்தை எல்லாப் பங்குகளுக்கும் அனுப்பிவைக்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

கிறிஸ்துவில் அன்புடன்,
மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர்