கடை அடுக்குத் தட்டில் ஒட்டிய விலைச்சீட்டு கண்ணுக்குத் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதச் சாமான்களை நாங்கள் ஒரு பெரிய கடையில்தான் வாங்குகிறோம். போன முறை அம்மாவும் கூட வந்தார். சலவைத்தூள் அடுக்கியிருந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார், அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "இதுல எதும்மா சல்லிசு?"

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். சீட்டில் மொத்த விலை கட்டைவிரல் பருமனில் இருந்தது. எடைக்கு என்ன விலை என்பது அதன் கீழே, கடுகளவு எழுத்தில். ஒரு பாக்கெட்டுக்கு கிலோ கணக்கு, பக்கத்துப் பாக்கெட்டுக்கு 100 கிராம் கணக்கு! போனை எடுத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது, 'குடும்பப் பேக்' என்று போட்டிருந்த பெரிய பாக்கெட்டுதான் எடைக்கு அதிக விலை. அம்மா அதைத்தான் தள்ளுவண்டியில் வைத்திருந்தார். மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்று நம்பியே குடும்பம் நடத்தியவர் அவர். அந்த நம்பிக்கையை வைத்தே அவரிடம் கூடுதலாக வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே சாமான் அடுக்கிக்கொண்டிருந்த தம்பியைக் கேட்டோம். பாவம், அவருக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் கடைக்காரரிடம் பட்டியலைக் கொடுத்தால் அவரே எடுத்துத் தருவார். எது மலிவு என்று கேட்கவும் ஆள் இருந்தது. 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' கடையைத் திறந்து, வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். 1974-ல் பார்கோடு கடைக்குள் வந்தது. அதன் பிறகு பல நாடுகளில் ஒவ்வொரு பொருள் மேலும் விலை ஒட்டும் வழக்கம் குறைந்து, விலை தட்டின் விளிம்புக்குப் போய்விட்டது. இன்று அந்தச் சீட்டுதான் கடைக்காரர். அதைப் படிக்க முடியவில்லை என்றால் வேறு யாரைக் கேட்பது?

பெரிய கடைகளை நான் குறை சொல்லவில்லை. ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கிறது, நேரம் மிச்சமாகிறது, சரி. நான் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியமும் இல்லை. எடைக்கு இன்ன விலை என்பதை மொத்த விலைக்குச் சமமான எழுத்தில் போடட்டும். ஒரே வகைப் பொருளுக்கு ஒரே அளவில் போடட்டும். கிலோ என்றால் எல்லாவற்றுக்கும் கிலோ. அடித்தட்டுச் சீட்டைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் முதுகு வளையாதவர்களும் படிப்பார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே எடைக்கான விலையைக் காட்ட வேண்டும் என்று விதி செய்தது. பிரான்சு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. பாக்கெட்டின் எடையைக் குறைத்து, அதனால் கிலோ விலை ஏறியிருந்தால், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அந்தப் பொருளுக்கு அருகிலேயே இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். 2024 ஜூலை முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இதைப் படித்தபோது மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. எடை குறைந்ததை நம் வீட்டு டப்பா நிறையாதபோதுதான் நாம் கண்டுபிடிக்கிறோம்.

உங்கள் நுகர்வோர் பக்கத்தில் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். சீட்டை எப்படிப் படிப்பது என்று ஒரு படத்தோடு போட்டால், வெட்டி எடுத்து அம்மாவின் பையில் வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி