சேர்க்கை அன்றே உயரத்தை அளந்து சொல்லுங்கள்

கொங்கு மண்டலத்தில் குற்றவியல், தடய அறிவியல் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரி நிர்வாகத்தினருக்கு வணக்கமுங்க.

கோவையில் வக்கீல் தொழில் செய்கிறேன். சோமனூரில் தறி ஓட்டும் ஓர் அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "ஏனுங் வக்கீலம்மா, இதப் படிச்சா எஸ்.ஐ. ஆயிரலாம்னுதான் சேத்துனாங்க. இப்ப ஒசரம் பத்தாதுங்கறாங்களே?" பிள்ளை 155 செ.மீ. எஸ்.ஐ. தேர்வுக்குப் பெண்களுக்குக் குறைந்தது 159 வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் 157. மூன்று வருடக் கட்டணமும் கட்டி முடித்த பிறகா இது தெரிய வேண்டும்? சேர்க்கை மேசையில் ஒரு டேப் இருந்திருந்தால் அன்றைக்கே வேறு வழி பார்த்திருப்பாள்.

அந்தத் தேர்வை எந்தப் பட்டம் படித்தவரும் எழுதலாம் என்பதையும் அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. காக்கிச் சட்டைப் படம் போட்ட விளம்பரத்தைப் பார்த்தால், இந்தப் படிப்பு ஒன்றுதான் வழி என்றே பெற்றோர் நம்புவார்கள்.

படிப்பை நான் குறை சொல்லவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. ஆள் தேவை கூடத்தான் செய்யும். ஆனால் ஆய்வகத்துக்குள் நுழைய வேதியியல், உயிரியல் போன்ற அறிவியல் அடிப்படை வேண்டும். கலைப் பிரிவில் குற்றவியல் படித்தவருக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. குழந்தைகள் பாதுகாப்பு வேலைகளுக்குப் பெரும்பாலும் சமூகப் பணி, உளவியல், சட்டம் என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் போக நினைப்பவர், மேலே எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுநிலைப் படிப்பு அல்லது மூன்றாண்டு சட்டப் படிப்பு சேர்த்துப் படிப்பது நல்லது. கோவை அரசு சட்டக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

நம் ஊரிலேயே வேலை இருக்கிறது, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் போலி மின்னஞ்சலை நம்பிப் பணத்தை இழக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்து ஆவணங்களைத் திரட்டத் தெரிந்த ஆள் தேவை. பெண்கள் அதிகம் வேலை பார்க்கும் மில்களில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படியான உள்ளகப் புகார்க் குழு, பல இடங்களில் பலகையோடு நிற்கிறது. அதை உயிரோடு நடத்தப் படித்தவர்கள் வேண்டும். திருப்பூர், பல்லடம் நிறுவனங்களோடு பேசி, இறுதியாண்டுப் பிள்ளைகளை அங்கே பயிற்சிக்கு அனுப்புங்கள்.

அடுத்த சேர்க்கைக்குள், எந்த வேலைக்கு எந்தப் பட்டம், என்ன வயது, என்ன உயரம் என்று தமிழில் ஒரே ஒரு தாள் அச்சடித்து, கட்டணம் வாங்கும் முன் பெற்றோர் கையில் கொடுங்கள். எழுதித் தர நான் தயார்.