காடு செத்துப்போச்சா என்று கேட்டவனுக்கு

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகளுக்குக் கல்யாணம் முடிவானதில் ரொம்ப சந்தோஷம். தை மாதம் என்றால் இங்கே எலும்பைக் குடையும் குளிர், ஊருக்கு ஓடி வர எனக்கு வேறு சாக்கே வேண்டாம். தேதி குறித்ததும் சொல், டிக்கெட் போட்டுவிடுகிறேன். முட்டி வலியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் மனசு கேட்கவில்லை. கொடைக்கானல் சரிவெல்லாம் ஏறி இறங்கிய கால். ஓய்வு பெற்ற பிறகாவது அதற்கு ஓய்வு கொடுக்கக்கூடாதா?

"ஹார்ட்ஸ் மலையில் காடெல்லாம் செத்துக் கிடக்கிறதாமே, ஜெர்மன்காரன் பார்த்துக்கொண்டு சும்மாவா இருக்கிறான்?" என்று கேட்டிருந்தாய். எங்கள் பிரவுன்ஷ்வைக்கிலிருந்து அந்த மலை ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பேப்பரில் படித்ததை எழுதுவதைவிட நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று போன சனிக்கிழமை ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு வந்தேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மாவும் வந்தார். மலையடிவாரத்தில் இல்சன்பூர்க் என்ற சின்ன ஊரில் பிறந்து வளர்ந்தவர். அறுபதை நெருங்குகிறார், ஆனால் ஏற்றத்தில் நான்தான் அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கினேன்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். இல்சன்பூர்க்கில் தொடங்கி, இல்ஸே ஓடையை ஒட்டி ஏறி, பிரோக்கன் உச்சியைத் தொட்டுவிட்டு, ஷார்ஃபன்ஷ்டைன் பாறைப் பக்கமாக இறங்கி, கிளம்பின ஊருக்கே வந்து சேரும் சுற்று. உச்சிக்குக் கீழே கொஞ்ச தூரம் ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒன்றுதான், அதனால் சுத்தமான வட்டம் என்று சொல்ல முடியாது. மொத்தம் 25 கிலோமீட்டர் வாக்கில் வரும். ஏற்றம் 900 மீட்டர் அளவு. பிரோக்கனின் உயரம் 1,141 மீட்டர், வட ஜெர்மனியில் அதைவிட உயரமான மலை கிடையாது. சிரிக்காதே. கொடைக்கானல் ஏரிக்கரையே ஏறக்குறைய இதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் இங்கே 1,100 மீட்டரிலேயே மரம் நின்றுபோகிறது. ஆண்டில் 300 நாளுக்கு மேல் உச்சியில் மூடுபனி. 1984 நவம்பரில் மணிக்கு 263 கிலோமீட்டர் வேகக் காற்றை அங்கே அளந்திருக்கிறார்கள்.

கீழ்ப் பள்ளத்தாக்கைப் பார்த்தால் உனக்கு அந்தக் கேள்வியே தோன்றாது. இரண்டு பக்கமும் பீச் என்ற அகன்ற இலை மரங்கள் கூரை போட்டு நிற்கின்றன. ஓடையில் பெரிய பெரிய கருங்கற்கள், மேலே உள்ள சதுப்பு நிலங்களிலிருந்து வருவதால் தண்ணீர் டிக்காஷன் நிறம். ஹைன்ரிஷ் ஹைனே என்ற கவிஞர் 1824இல் இந்த மலையை நடந்து கடந்திருக்கிறார், பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் இறங்கின பள்ளத்தாக்கில் நாங்கள் ஏறினோம்.

மேலே போகப் போக பீச் குறைந்து, சட்டென்று வெளிச்சம் வந்துவிடுகிறது. அங்கேதான் நீ பார்த்த படங்களெல்லாம். கண்ணுக்கு எட்டின வரை சாம்பல் நிறத்தில், பட்டை உரிந்து, கிளை ஒடிந்து, நட்டுவைத்த கம்பங்களாக நிற்கும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள். பாதி நிற்கின்றன, பாதி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கின்றன. முதல் பார்வைக்கு வயிற்றைப் பிசையத்தான் செய்கிறது. கூட வந்த அம்மா அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். சின்ன வயதில் வீட்டு ஜன்னலைத் திறந்தால் மலை கரும்பச்சையாகத் தெரியுமாம்.

நடந்தது இதுதான். 2018 ஜனவரியில் ஒரு பெரும் புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அதைத் தொடர்ந்து 2018, 2019, 2020 மூன்று கோடைகளும் வறட்சி. ஸ்ப்ரூஸின் வேர் ஆழம் போகாது, மேல்மண் காய்ந்தால் மரம் தவித்துப்போகும். பட்டை வண்டு என்று ஒன்று, அரை சென்டிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். நல்ல தெம்பாக இருக்கும் மரமென்றால் வண்டு துளை போட்ட இடத்தில் பிசினைப் பெருக்கி அதை மூழ்கடித்துவிடும். தண்ணீர் இல்லாத மரத்துக்குப் பிசின் எங்கிருந்து வரும்? வண்டு பட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டி முட்டையிட, புழுக்கள் அந்தத் திசுவைத் தின்ன, இலையிலிருந்து வேருக்குப் போகும் உணவு அறுந்துபோகிறது. புயலில் விழுந்த மரங்களில் பெருகின வண்டு நின்ற மரங்களுக்கும் ஏறிவிட்டது.

ஆனால் மாப்ளே, உனக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. கீழ்ச் சரிவுகளில் செத்தது பெரும்பாலும் காடே கிடையாது, தோட்டம். ஹார்ட்ஸ் பல நூற்றாண்டுகளாகச் சுரங்க மலை. வெள்ளி, ஈயம், செம்பு எடுக்கவும் உருக்கவும் பழைய கலப்புக் காட்டையெல்லாம் வெட்டி எரித்துவிட்டார்கள். அப்புறம் சீக்கிரம் வளரும், நேராக வளரும் என்று வரிசை வரிசையாக ஸ்ப்ரூஸ் நட்டார்கள். உச்சியை ஒட்டின உயரத்தில் ஸ்ப்ரூஸ் இயற்கையாகவே உண்டு, அது வேறு கதை. கீழே அதற்கு வேலையே இல்லை. அந்த அம்மா அழகென்று நினைத்து வளர்ந்த கரும்பச்சையில் பாதி, ஒரே வயதில் ஒரே இனத்தில் நட்ட மரம்தான்.

இந்த இடத்தில் உன் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? கோயம்புத்தூரில் ரேஞ்சர் பயிற்சியில் இருந்தபோது பிராண்டிஸ் பெயரை எனக்கு முதலில் சொன்னவன் நீதான். டீட்ரிஷ் பிராண்டிஸ் பான் நகரத்து ஆள். 1864இல் இந்தியாவின் முதல் காட்டுத்துறைத் தலைமை அதிகாரி ஆனவர். டேராடூன் வனப்பள்ளியும் 1878இல் அவர் முயற்சியில் வந்ததுதான். காட்டை அளந்து, கணக்குப் போட்டு, திட்டம் போட்டு நடத்தும் இந்த ஊர்ப் பழக்கம் அந்த வழியாகத்தான் நம் பக்கம் வந்தது. நம் மலை உச்சிப் புல்வெளிகளில் வாட்டில் என்ற வெளிநாட்டு மரமும் யூகலிப்டஸும் பைனும் நட்டதற்கு அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அது பின்னால் வந்தவர்கள் வேலை. ஆனாலும் வரிசை வரிசையாகச் செத்து நின்ற அந்த மரங்களைப் பார்த்தபோது, ஒரு பழைய பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது.

சரி, இப்போது என்ன செய்கிறார்கள்? உன் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஆமாம், பெரும்பகுதியில் சும்மாதான் இருக்கிறார்கள், வேண்டுமென்றே. ஹார்ட்ஸ் தேசியப் பூங்கா கிழக்கிலும் மேற்கிலும் தனித்தனியாக இருந்து 2006இல் ஒன்றானது, 24,000 ஹெக்டேருக்கு மேல். பூங்காவின் ஓரங்களில், பக்கத்துத் தனியார் காடுகளுக்கு வண்டு பரவாமல் இருக்க, தாக்கின மரத்தை வெட்டி அப்புறப்படுத்துகிறார்கள். தாழ்வான சரிவுகளில் பீச் கன்று நட்டிருக்கிறார்கள். நடுப்பகுதியில் கை வைப்பதில்லை. பாதையோரம் ஆள் மேல் விழக்கூடியதை மட்டும் சாய்த்துப்போடுகிறார்கள். காற்று அடிக்கும் நாளில் அந்தப் பக்கம் போகாதே என்று எச்சரிக்கைப் பலகையும் உண்டு.

போய்க் குனிந்து பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. சாம்பல் மரங்களுக்கு நடுவே ரோவன் மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் வந்துவிட்டன, ஆகஸ்ட் கடைசி என்பதால் சிவப்புக் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. பிர்ச் கன்றுகள் எங்கு பார்த்தாலும். விழுந்து மட்கின ஸ்ப்ரூஸ் தண்டின் மேலேயே புதுக் கன்றுகள் வரிசையாக முளைத்திருந்தன. குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் மரங்களுக்குள் மான் எளிதாக நுழைய முடியாது, அதனால் கன்றுகள் தப்பித்துக்கொள்கின்றன. மரங்கொத்தி தட்டும் சத்தம் மேலே வரை கேட்டுக்கொண்டே இருந்தது. லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனையை 2000ஆம் ஆண்டிலிருந்து இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எங்கள் கண்ணில் படவில்லை, படாது.

நான் பூங்காக்காரர்கள் பக்கம். அந்த அம்மா இல்லை. 2022 செப்டம்பரில் பிரோக்கன் அருகே பெரிய காட்டுத்தீ பிடித்து உச்சியில் இருந்தவர்களையெல்லாம் இறக்கவேண்டி வந்தது. "இத்தனை காய்ந்த கட்டையை ஊருக்கு மேலே அடுக்கி வைத்துவிட்டு இயற்கை பார்த்துக்கொள்ளும் என்றால் எப்படி?" என்று கேட்டார். பெரிய தண்டு அவ்வளவு சீக்கிரம் பற்றாது, ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்றேன். "நீங்கள் ரயில் ஏறிப் போய்விடுவீர்கள்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உச்சியில் ஒரே திருவிழாக் கூட்டம். நீராவி ரயில் புகை கக்கிக்கொண்டு மேலேயே வருகிறது. நடக்க முடியாதவர்கள், நடக்க விரும்பாதவர்கள் எல்லாரும் அதில். பட்டாணி சூப் வாங்கிக் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தோம். எனக்கு உச்சி பெரிதாகப் பிடிக்கவில்லை, ஆனால் அந்த அம்மாவுக்கு அது வேறு மாதிரி இடம். 1961 ஆகஸ்டில் கிழக்கு ஜெர்மனி எல்லையை மூடியபோது இந்த உச்சியும் மூடப்பட்டது. சோவியத் படையும் கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையும் மேற்கத்திய வானொலிப் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்க இங்கே உட்கார்ந்திருந்தன, சுற்றிலும் மூன்று மீட்டருக்கு மேல் கான்கிரீட் சுவர். பெர்லின் சுவர் திறந்த பிறகும் இது திறக்கவில்லை. 1989 டிசம்பர் 3 அன்று மக்கள் கூட்டமாக ஏறி வந்து வாயிலைத் திறக்கச் சொல்லி நின்றார்கள், திறந்தார்கள். தினமும் பார்த்து வளர்ந்த மலை, ஆனால் அந்த வாரம்தான் அந்த அம்மா முதன்முதலாக அதன்மேல் கால் வைத்தாராம். அப்பாவும் கூட வந்தாராம். "மூடுபனியில் ஒன்றுமே தெரியவில்லை, ஆனாலும் அப்பா இறங்க மறுத்துவிட்டார்" என்று சொல்லிச் சிரித்தார். வெர்னிகெரோடேயைச் சேர்ந்த ஒரு பெரியவர் அந்த நாளிலிருந்து இந்த மலையில் 8,000 தடவைக்கு மேல் ஏறினார், 2022இல் காலமாகிவிட்டார். பிரோக்கன் பென்னோ என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். ரஷ்யப் படை 1994இல்தான் கிளம்பியது.

இறக்கம் உன் முட்டிக்கு வேண்டவே வேண்டாம். எல்லைக் காவல்படை வண்டிகள் ஏறுவதற்காகப் போட்ட கான்கிரீட் பலகைகள், வரிசையாக ஓட்டை வைத்தவை, செங்குத்தாகக் கீழே போகின்றன. ஓட்டைகளில் புல் முளைத்திருக்கிறது, கால் வைக்கும்போது கணுக்கால் பத்திரம். ஷார்ஃபன்ஷ்டைனில் எல்லைப்படை முகாம் இருந்த இடத்தில் இப்போது பூங்காக் காவலர் நிலையம். பாறை மேல் ஏறினால் எக்கர் அணைக்கட்டு நீர்த்தேக்கம் கீழே தெரியும். எல்லைக்கோடு அந்தத் தண்ணீருக்கு நடுவே போனது. எங்கள் ஊர்க் குழாயில் வருவதில் ஒரு பங்கு அங்கிருந்து வருவதுதான்.

இன்னொன்று, நீ ரசிப்பாய். மலை முழுக்க 222 இடங்களில் பெட்டிக்குள் முத்திரை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சின்ன நோட்டுப்புத்தகத்தில் குத்திக்கொண்டே போனால் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பேட்ஜ், எல்லாவற்றையும் முடித்தவருக்கு மலைநடைச் சக்கரவர்த்திப் பட்டம். தலை நரைத்தவர்களெல்லாம் வரிசையில் நின்று குத்துகிறார்கள். அந்த அம்மாவும்தான், முகத்தில் பயங்கரத் தீவிரம்.

இப்போது நீ எனக்கு ஒரு பதில் எழுத வேண்டும். வாட்டிலை மொத்தமாக வெட்டினால் இன்னும் அடர்த்தியாக வாட்டில்தான் முளைக்கிறது, விட்டுவைத்த இடத்தில் அதன் நிழலிலேயே சோலை மரக்கன்று தலைகாட்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தாய். அந்தக் கன்றுகள் இப்போது எப்படி இருக்கின்றன? புல்வெளியாக இருந்த இடத்தை என்ன செய்வதாக யோசனை, அங்கே சோலை வருவதும் சரியில்லையே? அந்த அம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். நாற்பது வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்.

முட்டிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதை மறைக்காமல் எழுது. அடுத்த கோடையில் நீயும் தங்கச்சியும் வந்தால் நீராவி ரயிலிலேயே உச்சிக்குக் கூட்டிப்போகிறேன், கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மகளுக்கு இங்கிருந்து என்ன வேண்டும் என்று அவளையே கேட்டுச் சொல், நீயாக எதையாவது எழுதிவிடாதே.

உன் பழைய அறைத்தோழன்