தொடைச்சந்து வீக்கத்தைப் பற்றி மகனுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

உன் இடது தொடைச்சந்தில் ஒரு வீக்கம் எழும்பி மூன்று மாதமாகிறது என்பதை நீ சொல்லி நான் அறியவில்லை. ஆரையம்பதிக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போன இடத்தில், மருமகள் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொல்லித்தான் அறிந்தேன். அவளைக் கோபிக்காதே, அவள் பயந்துபோய் இருக்கிறாள். வெளிநாட்டில் வேலை செய்யும் உன்னோடு இதைத் தொலைபேசியில் பேசினால் நீ நாலு தரம் "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாய் என்பதால், ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

நின்றால் தெரிகிறது, படுத்தால் மறைகிறது, இருமினால் தள்ளுகிறது, நாள் முழுவதும் பெட்டிகளை ஏற்றி இறக்கிய பிறகு மாலையில் இழுத்துப் பிடிப்பதுபோல் நோகிறது என்று அவள் சொன்ன குறிகள், சத்திரசிகிச்சை வார்ட்டில் 31 வருடம் தாதியாக நின்ற எனக்குப் போதுமானவை. அது பெரும்பாலும் குடலிறக்கம், நம் ஆட்கள் ஹேர்னியா என்று சொல்வது. பெரும்பாலும் என்று எழுதுகிறேனே தவிர நிச்சயம் என்று எழுதவில்லை; காலில் புண் வந்தாலும் அதே இடத்தில் நெறி கட்டும், விதைப்பையில் நீர் சேர்ந்து ஓதமாகவும் இருக்கலாம். கையால் தொட்டுப் பாராமல் இதைத் தீர்மானிக்கும் உரிமை தாதிக்கும் இல்லை, தாய்க்கும் இல்லை.

குடலிறக்கம் என்றவுடன் குடல் கழன்று விழுந்துவிட்டது என்று நினைக்காதே. படுவான்கரையில் அப்பாவோடு வயலுக்குப் போன காலத்தில் வரம்பில் நண்டு வளை வைத்திருப்பதைப் பார்த்திருப்பாய். தண்ணீர் வரம்பு முழுவதையும்தான் அமுக்குகிறது, ஆனால் வெளியேறுவது அந்த வளையால்தான். வயிற்றுச் சுவரும் தசையாலும் சவ்வாலும் கட்டிய ஒரு வரம்பு. அதில் நலிந்த இடம் ஒன்று விட்டுக்கொடுத்தால், உள்ளிருக்கும் கொழுப்போ குடலின் ஒரு வளைவோ அதனூடாகத் தோலுக்கடியில் புடைத்து வருகிறது. ஆண்களுக்கு அந்த நலிவு பிறப்போடு வருவது: கருவில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் தொடைச்சந்து வழியாகக் கீழே இறங்குகின்றன, அவை இறங்கிய பாதை பிறகு முழுப் பலத்தோடு மூடிக்கொள்வதில்லை. அதனால்தான் வாழ்நாளில் 100 ஆண்களில் ஏறத்தாழ 27 பேருக்குத் தொடைச்சந்தில் குடலிறக்கம் வருகிறது, பெண்களில் 3 பேருக்குத்தான். இவ்வளவு பேருக்கு வரும் ஒன்றை ஏதோ கெட்ட நோய்போல மூடி மறைப்பதில் பொருளே இல்லை.

பாரம் தூக்குவது மட்டும்தான் காரணம் என்றும் நினைக்காதே. குடும்பத்தில் இருந்தால் வரும் வாய்ப்புக் கூடும், உனக்கு அது அப்பா வழியாக இருக்கிறது. ஓயாத இருமல், மலச்சிக்கலால் முக்குவது, வயதான ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புரஸ்தகோளம் என்ற சுரப்பி வீங்கிச் சிறுநீருக்காக முக்குவது, கூடிய உடல் எடை என்று வயிற்றுக்குள் அமுக்கத்தைக் கூட்டும் எதுவும் அந்த வளையைப் பெருப்பிக்கும். நீ சிகரெட் பிடிப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்; தெரியும். அது இருமலைத் தருவதோடு நிற்பதில்லை, இழையங்களின் பலத்தைக் குறைத்து, வெட்டிய காயம் ஆறுவதையும் பிந்தச் செய்யும். ஒப்பரேஷனுக்கு ஒரு மாதம் முன்பாவது அதை நிறுத்தியாக வேண்டும். அதற்குப் பிறகு மீண்டும் தொடங்காவிட்டால் அம்மாவுக்கு இன்னும் சந்தோஷம்.

இனி, உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். 2014 மாசியில் அப்பாவுக்கு "வயிற்றில் ஒரு ஒப்பரேஷன்" என்று மட்டும் உனக்கு அறிவித்தோம். அது இதே வருத்தம்தான். அதற்கு நான்கு வருடத்துக்கு முன்பே அவருக்கு வலது பக்கத்தில் பாக்களவில் ஒன்று எழும்பியிருக்கிறது. ஹேர்னியா நோயாளிகளுக்குத் தினமும் கட்டு மாற்றிக்கொண்டிருந்த மனைவிக்கு அதை அவர் காட்டவில்லை. சாரத்துக்குள் அகலமான ஒரு பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரவில் படுத்ததும் கையால் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டு, பரியாரியார் ஒருவரிடம் எண்ணெயும் வாங்கிப் பூசிக்கொண்டு காலத்தை ஓட்டினார். பட்டி கட்டுவது வரம்பின் வெளிப்பக்கத்தில் சேற்றை அப்புவது போன்றது: கையை வைத்திருக்கும்வரை தண்ணீர் நிற்கும், வளை அப்படியே இருக்கும். எண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரியவர்களுக்கு வந்த குடலிறக்கம் மருந்தாலோ தைலத்தாலோ உடற்பயிற்சியாலோ மூடியதை என் சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை. அது தானாக மூடுவதில்லை என்றுதான் வைத்திய நூல்களும் சொல்கின்றன.

அந்த மாசியில் பெரும்போக அறுவடை. நெல் மூட்டைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்போது பின்னேரம் நாலு மணிக்கு அவருக்கு வலி பிடித்திருக்கிறது. வழமையாக உள்ளே போகும் வீக்கம் அன்று போகவில்லை. வாய்வு என்று நினைத்து, இஞ்சி போட்ட தேத்தண்ணீர் குடித்து, வாடியிலேயே படுத்துவிட்டார். இரவு முழுவதும் சத்தி. காலையில் ஆள் வந்து சொல்லி நான் போய்ப் பார்த்தபோது வயிறு ஊதியிருந்தது, வீக்கம் கல்போல இறுகி அதன்மேல் தோல் சிவந்திருந்தது, தொடவிடவில்லை. பல வருடம் மற்றவர்களின் புருஷன்மாரில் பார்த்த அந்தச் சிவப்பை என் புருஷனில் பார்த்தபோது என் கை நடுங்கியதை மறைக்க மாட்டேன்.

உள்ளே நடந்தது இதுதான். வளைக்குள் புகுந்த குடலின் வளைவு திரும்பிப் போக முடியாமல் சிக்கிக்கொள்கிறது; சிக்கியது வீங்குகிறது; வீங்க வீங்க வளையின் விளிம்பு அதை நெரிக்கிறது; முதலில் வெளியேறும் இரத்தம் தடைப்பட்டு, பிறகு உள்ளே போகும் இரத்தமும் நின்றுபோகிறது. அதன்பிறகு சில மணித்தியாலங்களில் குடல் அழுகத் தொடங்கிவிடும். அப்பாவுக்கு ஒரு சாண் குடலை வெட்டி எடுத்துத்தான் பொருத்தினார்கள். அழுகிய குடல் இருந்த இடத்தில் கிருமி பற்றும் என்று அஞ்சி, நலிந்த இடத்தைத் தாங்கும் செயற்கை வலை வைக்காமல் நூலால் மட்டும் தைத்தார்கள், அதனால் திரும்பி வரும் வாய்ப்பு இன்றைக்கும் அவருக்கு அதிகம்தான். பதினொரு நாள் வார்ட்டில் கிடந்தார். அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இதே வருத்தத்துக்கு நாள் குறித்து வந்து ஒப்பரேஷன் செய்த ஒருவர் மறுநாள் காலையில் நடந்து வீட்டுக்குப் போனார்.

ஆகவே எந்தக் குறிகளைக் கண்டால் ஒரு நிமிடமும் பொறுக்கக்கூடாது என்பதை மனத்தில் இருத்திக்கொள். வழமையாக உள்ளே போகும் வீக்கம் போகாமல் இறுகி நிற்பது, திடீரென்று வலி கூடிக்கொண்டே போவது, தோல் சிவப்பதோ கருநீலமாவதோ, ஓங்காளமும் சத்தியும், மலமோ காற்றோ போகாமல் வயிறு ஊதுவது, காய்ச்சல். இவற்றில் முதல் இரண்டும் சேர்ந்து வந்தாலே போதும், மற்றவை வரும்வரை பார்த்திருக்காதே. பலவந்தமாக அழுத்தித் தள்ளாதே, பேதிமருந்து குடிக்காதே, மயக்கமருந்து தர வேண்டிவரும் என்பதால் எதையும் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். நீ இருக்கும் நாட்டில் என்றால் அங்குள்ள அவசர அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழை. இங்கே என்றால் 1990 அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வரும். அதை மருமகளின் தொலைபேசியிலும் பதிந்து கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவும் வாசித்துவிட்டு இன்றிரவே ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று கலங்கவும் வேண்டாம். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. குடலிறக்கம் இருந்தும் பெரிதாக எந்த உபத்திரவமும் இல்லாத 720 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு உடனே ஒப்பரேஷன் செய்து, மற்றவர்களைக் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். காத்திருந்தவர்களில் அவசர நிலைக்குப் போனவர்கள் வருடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேர்கூட இல்லை. எனவே உபத்திரவமற்ற ஒருவர் வைத்தியரின் கண்காணிப்பில் பொறுத்திருப்பது தவறல்ல. ஆனால் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, காத்திருந்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 68 பேர் பெரும்பாலும் வலி காரணமாக ஒப்பரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். நீ உபத்திரவமற்றவனும் அல்ல. உனக்கு இப்போதே நோகிறது, உன் தொழில் பாரம் தூக்குவது. அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போடும் நோயாளியும் நீ இல்லை என்பது என் எண்ணம்.

சித்திரை லீவுக்கு வரும்போது இங்கே செய்துகொள்ளலாம் என்று மருமகளிடம் சொன்னாயாம். அதைக் கணக்குப் பார்த்துச் சொல். அரசாங்க ஆஸ்பத்திரியில் பணம் இல்லாமல் செய்வார்கள்தான், ஆனால் முதலில் சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டி, பட்டியலில் பெயர் பதிந்து, திகதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். வந்திறங்கிய மறுநாள் கட்டில் கிடைக்காது. ஒப்பரேஷனுக்குப் பிறகு அன்றே எழுந்து நடக்கலாம், ஒன்றிரண்டு கிழமையில் இலேசான வேலை செய்யலாம், ஆனால் பாரம் தூக்க நாலு முதல் ஆறு கிழமை பொறுக்க வேண்டும். உனக்கு உள்ளதோ 30 நாள் லீவு. அது முடிந்து நேரே போய்ப் பெட்டி தூக்குவதாக இருந்தால் இந்தத் திட்டம் சரிவராது. அங்கேயே வைத்தியரிடம் காட்டி, அவர் எழுதித் தரும் மருத்துவ லீவில் செய்வதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது. எதுவானாலும் முதலில் அங்கே காட்டு, பிறகு தீர்மானிப்போம்.

ஒப்பரேஷனைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீ நினைக்கும் அளவுக்கு இல்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் விறைக்கப்பண்ணி, தொடைச்சந்தில் மூன்று நாலு அங்குலம் வெட்டி, புடைத்ததை உள்ளே தள்ளி, நலிந்த இடத்தின்மேல் மெல்லிய செயற்கை வலை ஒன்றைப் பதித்துத் தைப்பார்கள். ஒரு மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். வாவியில் வீசும் வலையைப்போலவே அதற்கும் கண்கள் உண்டு. அந்தக் கண்களுக்குள்ளால் உன் சொந்த இழையம் வளர்ந்து, வலையோடு சேர்ந்து ஒரே சுவராகிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தசையோடு தசையை இழுத்துத்தான் தைப்பார்கள், வலியும் கூட, திரும்பி வருவதும் கூட. இப்போது சிறு துளைகளிட்டுக் கமரா விட்டுச் செய்யும் முறையும் உண்டு. அதற்கு முழு மயக்கம் தேவை, ஆனால் முதல் நாட்களின் வலி குறைவு. இரண்டு பக்கமும் இருந்தால் அது மிகவும் வசதி என்பதால், உன் வலது பக்கத்தையும் பார்க்கச் சொல்.

பின்விளைவுகளையும் அறிந்துகொண்டே சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வை. சில நாள் வீக்கமும் நீலம் பாய்வதும் சாதாரணம். முதல் நாள் சிறுநீர் போகாமல் கஷ்டப்படுகிறவர்கள் உண்டு. நூற்றில் ஒருசிலருக்குத் திரும்பி வரும். பத்தில் ஒருவருக்கு அளவில், மாதக்கணக்கில் அந்த இடத்தில் ஒரு நோவோ எரிவோ நீடிப்பதும் உண்டு. இதைப் பலர் முன்கூட்டிச் சொல்வதில்லை, பிறகு நோயாளி ஏதோ பிழை நடந்துவிட்டது என்று ஏங்குவார்.

மருமகளுக்கும் ஒரு சொல் சொல்லி வைத்தேன். பெண்களுக்குக் குறைவாக வந்தாலும், தொடை மடிப்புக்குச் சற்றுக் கீழே வரும் ஒரு வகை அவர்களில்தான் கூடுதல், அதன் வாய் ஒடுக்கம் என்பதால் விரைவில் நெரிபடுவதும் அதுதான். இரண்டு நாள் சத்தி என்று வயிற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து வைத்திருந்த ஒரு கிழவியை எங்கள் வார்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சேலையை விலக்கிப் பார்த்தபோதுதான் நெல்லிக்காயளவு வீக்கம் தெரிந்தது. அதுவரை யாரும் பார்க்கக் கேட்கவில்லை, அவவும் காட்டவில்லை. பெண்களில் அதைத் தள்ளிப்போடக்கூடாது. பிள்ளைப்பேற்று வெட்டுத் தழும்பிலோ தொப்புளிலோ ஏதும் புடைத்தால் எனக்குச் சொல்லும்படி அவளிடம் கேட்டிருக்கிறேன்.

இப்போதைக்கு, பாரத்தை இரண்டு பேராகத் தூக்கு, தண்ணீரும் கீரையும் பழமும் கூட்டி முக்காமல் பார்த்துக்கொள், இருமும்போது அந்த இடத்தைக் கையால் தாங்கு. வைத்தியர் உன்னைப் படுக்கவைத்து மட்டும் பார்க்க முயன்றால், நின்றால்தான் தெரிகிறது என்று நீயே சொல். எழுந்து நிற்கச் சொல்லி, சந்தில் விரலை வைத்து "இருமு" என்பார். அப்பா அந்த இடத்தில் வெட்கப்பட்டுத் தொண்டையை மட்டும் செருமினாராம். நீ வயிற்றிலிருந்து பலமாக இருமு. கிளினிக் திகதி கிடைத்த அன்றே எனக்கு அறிவி.

அன்புடன்,
அம்மா