குருப்பட்ட ஆராதனைக்குப் பின் ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும் நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் அன்பின் வாழ்த்துகள்.

பெண்ணான என்னைப் போதகராக ஏற்படுத்திய குருப்பட்ட ஆராதனை நல்லபடியாக முடிந்தது. பேராயரும் போதகர்களும் என் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். வாழ்த்த வந்தவர்களின் வரிசை நீளமாக இருந்ததால் அன்று யாரிடமும் நின்று பேச முடியவில்லை. நன்றியுரைக்குக் கிடைத்த சில நிமிடங்களில், பேராயரில் தொடங்கி ஒலிபெருக்கி வைத்தவர்வரை பதவிகளை அடுக்கத்தான் நேரம் இருந்தது. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

நன்றி சொல்லும் விதத்தை நான் கற்றுக்கொண்டது, அப்போஸ்தலன் பவுல் ரோமச் சபைக்கு எழுதிய கடிதமான ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில். வெறும் பெயர்ப் பட்டியல் என்று பலரும் புரட்டிவிட்டுப் போகிற அதிகாரம். பவுல் அதில் பொத்தாம்பொதுவாக யாரையும் புகழவில்லை. பெபேயாள் அநேகருக்கும் தனக்கும் ஆதரவாக இருந்தாள் என்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தார்கள். யூனியா தன்னோடு கட்டுண்டிருந்தவள். பெர்சியாள் மிகவும் பிரயாசப்பட்டாள். ரூபின் தாய் தனக்கும் தாயாக இருந்தாள். பெபேயாளையும் சேர்த்து எண்ணினால் அந்த அதிகாரத்தில் 10 பெண்கள் வருகிறார்கள். அவர்களில் 8 பேரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். நானும் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லப் பார்க்கிறேன். பெயர் மட்டும் போடவில்லை. போட வேண்டாம் என்று சிலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் என் சிறுவயதுச் சபையின் பைபிள் உமன் அம்மா, அதாவது வீடு வீடாகப் போய் வேதத்தைச் சொல்லித்தரும் ஊழியக்காரி. சம்பளம் கொடுத்துப் பெண்களை இந்த வேலைக்கு அமர்த்தும் முறையை 1857இல் லண்டனின் ஏழைக் குடியிருப்புகளில் எலன் ரேன்யார்ட் என்பவர் தொடங்கினார். பிறகு அது மிஷன் களங்களுக்கும் பரவி, ஆண் போதகர்கள் வாசற்படி தாண்ட முடியாத வீடுகளுக்குள்ளும் வேதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்த வரலாற்றைக் கல்லூரியில்தான் படித்தேன். ஆனால் அம்மா இந்த வேலையைச் செய்வதை அதற்கு வெகுகாலம் முன்பே பார்த்திருந்தேன். எந்த வீட்டில் கணவன் கை நீட்டுகிறான், எந்தப் பெண்ணின் படிப்பு நின்றுவிட்டது, எந்தப் பெரியவர் மருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்பதெல்லாம் போதகருக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்ததை எங்கே சொல்ல வேண்டும், எங்கே வாயைத் திறக்கக் கூடாது என்பதும் தெரியும். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு எங்களை மாதக்கணக்கில் தயார் செய்தவர் அவர். ஆராதனையன்று எங்கள் பெயர்களை வாசித்து பேராயர் முன் நிறுத்தியது வேறொருவர். பிரசங்க பீடத்தில் அவர் ஏறியதே இல்லை. ஜெபக்கூட்டத்தில் பேசச் சொன்னால்கூடப் படிக்குக் கீழே தரையில் நின்றுதான் பேசுவார். ஆண்டறிக்கையைப் புரட்டினால் செலவுக் கணக்கில் ஒரு வரியாக வருவார், அவ்வளவுதான்.

சபையில் வேதபாடம் வாசிக்க என்னைப் பழக்கியவரும் அவரே. “நடிக்காதே. மூச்சு விட்டு வாசி. கடைசி பெஞ்சில் இருக்கிற பாட்டிக்குக் காது மந்தம்” என்பார். இறையியல் கல்லூரியில் பிரசங்கக் கலை பற்றி எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட உருப்படியான பாடம் எனக்கு அங்கே கிடைக்கவில்லை. அம்மா, நீங்கள் காலமெல்லாம் செய்தது போதகர் வேலைதான். அதற்குரிய சம்பளமும் அங்கியும்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து என் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். பெண் ஊழியத்தை ஆதரிப்பவர்தான், ஆனாலும் என்னைச் சுலபமாகத் தப்பவிட்டதில்லை. பெண் உபதேசிக்கக் கூடாது என்கிற 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரத்தைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையைச் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பித் தந்தார். கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்கிற கலாத்தியர் 3:28ஐ எடுத்துக் காட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது, எதிராகத் தோன்றும் வசனத்தோடு மல்லுக்கட்டு என்றார். கொரிந்தியர் முதல் நிருபத்தில் 11ஆம் அதிகாரம் பெண்கள் சபையில் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்லுவதையும் இயல்பான காரியமாக எடுத்துக்கொண்டு, எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டுமே பேசுகிறது. அதே நிருபத்தின் 14ஆம் அதிகாரம் சபையில் பேசாதிருங்கள் என்கிறது. ஒரே கடிதம், ஒரே சபை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பருவம் முழுக்க வாசிக்க வைத்தார். என் நிலைப்பாடு மாறவில்லை. ஆனால் இன்று யார் கேட்டாலும் கோபப்படாமல் பதில் சொல்ல முடிகிறது. பாதி ஊழியம் அதுதான்.

சரித்திரத்தில் மறைந்து கிடக்கும் பெண்களை அறிமுகம் செய்தவரும் அவரே. 112ஆம் ஆண்டையொட்டி, பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்களைப் பற்றி உண்மை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகக் குறிப்பிடுகிறார். சபைக்குள் அவர்கள் ஊழியக்காரிகள் எனப்பட்டவர்கள். பெயர்களை அவர் எழுதவில்லை. சபையைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் யாரைப் பிடிக்க வேண்டும் என்று அந்த ரோம அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது. நம் கமிட்டிகளுக்கு இன்னும் தெரியவில்லை என்று வகுப்பில் யாரோ முணுமுணுத்தார்கள். (நான்தான்.)

அந்த வகுப்புகளில் என்னைப் பிடித்துக்கொண்டவர் புளோரன்ஸ் லீ டிம் ஓய். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. சீனக் கரையோரத்தில் இருக்கும் மக்காவ் (Macau) நகருக்குக் குருமார் யாரும் போய்ச் சேர முடியவில்லை. அகதிகள் நிறைந்த அந்தச் சபையை டீக்கனாக, அதாவது குருப்பட்டத்துக்கு முந்திய நிலை ஊழியராக இருந்த லீதான் நடத்திவந்தார். திருவிருந்து கொடுக்க ஆளில்லை. ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் 1944 ஜனவரி 25 அன்று அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர். போர் முடிந்ததும் எதிர்ப்பு வலுத்தது. பேராயருக்கு நெருக்கடி வரக்கூடாது என்று 1946இல் குருவாகப் பணி செய்யும் உரிமத்தைத் தாமாகவே விட்டுக்கொடுத்தார். பட்டத்தை விடவில்லை. பிறகு சீனாவில் கோவில்கள் அடைக்கப்பட்ட ஆண்டுகள் வந்தன. 1971இல்தான் ஹாங்காங் பேராயம் அவருடைய குருத்துவத்தை மறுபடியும் அங்கீகரித்தது.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் அவருடைய பொறுமையைப் புகழ்ந்துவிட்டு, அதே மூச்சில் என்னைப் போன்றவர்களைப் பார்த்து நீங்களும் பொறுங்கள் என்பார்கள். அவருடைய பொறுமை அவருடையது. பிறர் கையில் கொடுப்பதற்கான பிரம்பு அல்ல. என் பேராசிரியர் ஒருமுறைகூட அப்படிச் சொல்லாததற்காக அவருக்குத் தனி நன்றி. 1989இல் ஆங்கிலிக்கன் உலகில் முதல் பெண் பேராயராக பார்பரா ஹாரிஸ் அபிஷேகம் பெற்றதையும், 2013இல் தென்னிந்தியத் திருச்சபையில் புஷ்பலலிதா பேராயரானதையும் பேராசிரியர் இந்தக் கதையின் முடிவாகச் சொன்னதில்லை. அடுத்த கட்டுரையை எப்போது தருவாய் என்றுதான் கேட்பார்.

இனி, எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த போதகர் ஐயா. பயிற்சிக்கு வரும் பெண்ணுக்கு வழக்கமாகப் பெண்கள் ஞாயிறையும் ஞாயிறு பள்ளியையும் ஒதுக்குவார்கள். ஐயா எனக்குப் பிரசங்கிக்கக் கொடுத்தது எந்த விசேஷமும் இல்லாத ஒரு சாதாரண ஞாயிறு. அன்று பலிபீடத்தருகே என் பின்னால் உட்காராமல், கீழே தன் வீட்டாரோடு பெஞ்சில் உட்கார்ந்து, பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். அதைப் பார்த்துச் சபையும் கேட்டது. ஞானஸ்நானப் பதிவேடு எழுதுவது, கமிட்டிக் கூட்டத்தில் கணக்கில் இடிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது, துக்க வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பது, இதையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒரு வீட்டார் அடக்க ஆராதனைக்கு என்னை வேண்டாம் என்றபோது அவர்களோடு சண்டை போடவில்லை. ஜெபத்தை அவர் நடத்தினார். கல்லறையருகே வேதபாடத்தை என்னிடம் கொடுத்தார். அடுத்த வாரம் அந்த வீட்டாரே என்னை ஜெபிக்கக் கூப்பிட்டார்கள். வாதாடியிருந்தால் இது நடந்திருக்காது என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் எல்லா இடத்திலும் இதே வழி போதும் என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் சட்டம் மாறினால்தான் கதவு திறக்கும்.

சபை மூப்பர் ஒருவர் என் குருப்பட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். அவருக்கும் நன்றி. கமிட்டியில் கைதூக்கி எதிர்த்தவர், அன்று மாலையே வீட்டுக்கு வந்து தன் காரணங்களைச் சொன்னார். வேதத்தை எடுத்துப் பேசினார். என் குணத்தையோ குடும்பத்தையோ இழுக்கவில்லை. முகத்துக்கு நேரே சிரித்து ஆதரவு சொல்லிவிட்டு, வெளியே மொட்டைக் கடிதம் எழுதியவர்களும் இருந்தார்கள் என்பதால் அவருடைய நேர்மையின் அருமை எனக்கு நன்றாகவே தெரியும். குருப்பட்ட ஆராதனைக்கு வந்திருந்தார். அவர் கருத்து மாறவில்லை. நானும் மாறவில்லை. ஐயா, உங்கள் வருகைக்கு நன்றி.

என் தோழியான கத்தோலிக்க அருள்சகோதரிக்கு. அவருடைய திருச்சபையில் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை. 1994இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதைத் திட்டவட்டமாக எழுதினார். 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் வழிபாட்டில் வேதம் வாசிக்கும் வாசகர், பலிபீடத்தில் உதவும் பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். இதையெல்லாம் பற்றி நான் படபடவென்று கேட்டபோது, அவர் சிரித்துக்கொண்டே என்னை ஜெபிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பேசாமல் ஜெபிப்பதும், ஒருவர் தன் பாரத்தைச் சொல்லும்போது நடுவில் ஆலோசனை சொல்லாமல் கேட்பதும் அவரிடம் கற்றவை. என் வாயை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரியும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார்களே, கல்லூரிக் கட்டணத்துக்கு நீங்கள் உறையில் போட்டுத் தந்த பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது. நோயாளி வீடுகளுக்கு முதலில் போவது நீங்கள். ஞாயிறு பள்ளியை நடத்துவது நீங்கள். தொற்காள் இறந்தபோது அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளைக் காட்டி அழுத விதவைகளை அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கும்போதெல்லாம் உங்கள் முகங்கள்தான் எனக்குத் தெரிகின்றன. சேகரித்துக் கொடுக்கும் பணத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் மேசையிலும் நீங்கள் உட்கார வேண்டும். வரும் கமிட்டித் தேர்தலில் நிற்கச் சொல்லி உங்கள் வீடுகளுக்கே வருவேன். இப்போதே எச்சரித்துவிடுகிறேன்.

போதகர்களின் மனைவிமாருக்கு. ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஊழியர் கிடைப்பார்கள் என்று எல்லாச் சபைகளும் எதிர்பார்க்கின்றன. நீங்கள் பாடல் குழுவுக்கும் சங்கத்துக்கும் விருந்தினருக்கும் உழைத்ததைக் கடமை என்றார்கள். என் கணவரிடம் இதுவரை யாரும் சங்கத்தை நடத்தச் சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாகப் பாட்டுப் பாடுகிறார். இந்த வித்தியாசத்தை முதலில் கவனித்துச் சொன்னவரும் அவரே. தேர்வுக் காலங்களில் குழந்தையைக் கவனித்துக்கொண்டதற்காக அவருக்கும் என் அத்தைக்கும் நன்றி. தன் பிள்ளையைக் கவனித்ததற்கு நன்றி எதற்கு என்று அவர் கேட்கிறார். நியாயம்தான். அத்தைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆண்களின் தோளுக்கு வெட்டிய அங்கியைப் பிரித்துத் தைத்துக் கொடுத்த அக்காவுக்கும், பிரசங்க பீடத்து மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவைத்து, பிறகு யாரும் ஏற்றிவிடாதபடி திருகை இறுக்கிய கோயிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை அண்ணனுக்கும் என் அன்பு.

கல்லூரியிலிருந்து வரும்போது தந்த உரைநூல்களைப் பேராசிரியர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. சங்கத்து அம்மாமார்கள் தந்த நிதியிலும் கொஞ்சம் மீதி இருக்கிறது. நம் சபையின் மகள் ஒருத்தி இந்த ஆண்டு இறையியல் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். சங்கச் செயலாளரிடம் பேசிவிட்டேன்; பணமும் புத்தகங்களும் அவளுக்குப் போகின்றன. அவளுக்கு நேர்முகத் தேர்வு அடுத்த மாதம். ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரி