கும்மிடிப்பூண்டி உலைகளையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹைட்ரஜன் கொண்டு எஃகு தயாரிப்பது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தாதுவிலுள்ள ஆக்சிஜனைக் கல்கரிக்குப் பதில் ஹைட்ரஜன் பிரித்தெடுப்பதால் கரியமில வாயு வராமல் நீராவி மட்டுமே வெளியேறுகிறது. சுவீடனில் 2021-லேயே அவ்வாறு தயாரித்த எஃகை வோல்வோ நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஒரு டன் எஃகுக்கு 50 கிலோவுக்குக் குறையாமல் ஹைட்ரஜன் வேண்டும் என்பதால், நமக்கு அது இப்போதைக்கு எட்டாத விலைதான்.

கட்டுரை தொடாமல் விட்டது நம் பக்கத்திலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஆலைகள் பலவற்றில் பழைய இரும்பை மின்சார இண்டக்‌ஷன் உலையில் உருக்கித்தான் கட்டுமானக் கம்பி தயாராகிறது. டன்னுக்கு ஏறத்தாழ 600 யூனிட் செலவாகும். அனல் மின்சாரமே ஆனாலும் உருக்கும் கட்டத்தில் சுமார் அரை டன் கரியமில வாயுதான் சேரும். இந்திய எஃகின் சராசரியோ 2.5 டன். காற்றாலை மின்சாரம் கிடைத்தால் அந்த அரை டன்னும் வெகுவாகக் குறையும். பழைய இரும்பு விலை ஏறும்போது தாதுவை உருக்காமலே நிலக்கரி கொண்டு ஆக்சிஜன் நீக்கித் தயாரித்த ‘ஸ்பாஞ்ச் அயர்ன்’ இரும்பைக் கூடுதலாகக் கலந்தால் மட்டும் இந்தச் சாதகம் கரைந்துவிடும்.

மத்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் வகுத்த பசுமை எஃகு வரையறையில், ஒரு டன் எஃகுக்கான கரியமில வாயு 2.2 டன்னுக்குக் கீழே வந்தால் நட்சத்திரத் தகுதி உண்டு, 1.6-க்கும் கீழே என்றால் ஐந்து நட்சத்திரம். பொதுப்பணித் துறையும் மெட்ரோ நிர்வாகமும் கம்பி வாங்கும் ஒப்பந்தத்தில் இத்தகுதியைக் கேட்டாலே ஆலைகள் தாமாக வழிக்கு வரும்.

ஆனால் அந்த நட்சத்திரம் புகையை அளப்பதில்லை. துத்தநாகம் பூசிய தகடு உலையில் விழுந்ததும் வெண்புகை குபுகுபுவென எழும். எண்ணெய்ப் பிசுக்கும் பெயின்ட்டும் கருகிக் கரும்புகையாகும். உலைமேல் உறிஞ்சும் கூண்டும் வடிகட்டிப் பைகளும் இருந்தும், மின்செலவை மிச்சப்படுத்த இரவில் விசிறியை நிறுத்திவிட்டால் புகை கூரை வழியே ஊருக்குள் வந்துவிடும். துறைமுகத்து நிலக்கரித் தூசி நீதிமன்ற உத்தரவால் 2011-இல் ராயபுரத்தை விட்டு எண்ணூருக்குப் போனதைக் கண்டவர்கள் நாங்கள். கணக்கு ஓரிடத்தில் நேரானால் சுமை இன்னோரிடத்தில் ஏறும் என்பது எங்களுக்குப் புதிதல்ல.

ஆகவே பழைய இரும்பைத் தகடு, மோட்டார், கம்பி எனத் தரம் பிரிக்கும் பொதுக்களம் ஒன்றை சிப்காட் வளாகத்திலேயே அரசு அமைக்க வேண்டும். உருகிய இரும்பில் கலந்த செம்பை எடுக்க வழியில்லை, உருட்டும்போது கம்பியில் விரிசல் விழும் என்பதால் ஆலைகளுக்கும் இதில் ஆதாயம் உண்டு. நட்சத்திரச் சான்று கோரும் ஆலை, தன் புகைபோக்கி அளவீட்டை இரவு நேரத்தையும் சேர்த்து வாயிற்பலகையில் காட்ட வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிபந்தனை விதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை – 19.