மூன்றாம் பக்கத்தில் நின்றுபோகும் கதைகள்

அன்புள்ள நண்பருக்கு,

தொடங்கும் கதையெல்லாம் மூன்றாம் பக்கத்தில் நின்றுபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மொழியில் குறை இல்லை. கரு தோன்றிய அன்றே எழுத உட்கார்ந்துவிடுகிறீர்கள். அன்று கையில் இருப்பது ஒரு காட்சியும், அது தந்த பரவசமும்தான். பரவசம் இரண்டு பக்கம் தாங்கும். அதன் பிறகு எழுத விஷயம் இல்லாமல் பாத்திரத்தின் பூர்வீகத்தைச் சொல்ல ஆரம்பிப்பீர்கள். முடிக்க வழி தெரியாமல் யாரையாவது சாகடிப்பீர்கள்.

ஒரு கருவைப் பார்ப்போம். ஒரு முதியவர் வீட்டைப் பூட்டுகிறார். நாலடி போனவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். மறுபடியும் வந்து இழுக்கிறார். அன்றே எழுதினால் மறதிக்காரக் கிழவரின் கதை, யாரும் எழுதக்கூடியது. விட்டுவையுங்கள். சில நாளில் ஒரு கேள்வி வரும்: உள்ளே யாராவது இருக்கிறார்களோ? அப்படியானால் மறதி மனைவிக்கு. அவள் வெளியே போய் வழி தவறிவிடக் கூடாதென்று பூட்டுகிறார். இன்னும் சில வாரத்தில், உள்ளிருந்து கதவு தட்டப்படுவதைத் தினமும் கேட்கும் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து சேர்வாள். யார் கண் வழியாகச் சொல்வது என்பது அப்போதுதான் தெரியும்.

டால்ஸ்டாய் 'புத்துயிர்ப்பு' நாவலின் கருவை 1887இல் சட்ட அறிஞர் கோனி சொல்லக் கேட்டார். தொடங்கினார், நிறுத்தினார், மீண்டும் தொடங்கினார். 1895 நவம்பரில்தான் தவறு எங்கே என்று நாட்குறிப்பில் எழுதுகிறார்: ஆரம்பமே பிழை, அவளிலிருந்து, அதாவது நாயகி காத்யூஷாவிலிருந்து, தொடங்க வேண்டும். நாவல் 1899இல் வெளிவந்தது. முதல் அத்தியாயத்திலேயே காத்யூஷா சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள்.

கரு தோன்றியதும் தேதி போட்டு மூன்று வரி எழுதுங்கள். பார்த்தது, கேட்டது மட்டும்; விளக்கம் வேண்டாம். வாரம் ஒருமுறை, பழைய குறிப்பைத் திறக்காமல், நினைவிலிருந்தே புதிதாக எழுதி, பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். விடுபட்டுப்போனவை பெரும்பாலும் கதைக்குத் தேவைப்படாதவை. தானாக வந்து ஒட்டிக்கொண்டவற்றைப் பத்திரப்படுத்துங்கள், கதை அங்கேதான் வளர்கிறது. நண்பர்களிடம் சொல்லாதீர்கள். வாயால் சொல்லி முடித்த கதையை எழுதும் ஆசை வடிந்துவிடும். கேட்டவர் சொன்ன முடிவும் உள்ளே புகுந்துகொள்ளும். இந்த நாட்களில் கை மட்டும் சும்மா இருக்க வேண்டாம், வேறு எதையாவது எழுதிக்கொண்டிருங்கள்.

முதல் காட்சி எது, சொல்வது யார், அவருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது. இவ்வளவு தெரிந்தால் உட்கார்ந்துவிடலாம். முடிவு தெரியாவிட்டால் பரவாயில்லை, தெரியாமல் இருப்பது நல்லதும்கூட. ஊறப்போடுவதிலும் அளவு மீறக் கூடாது. ஒவ்வொரு காட்சியும் முன்பே முடிவாகிவிட்டால் எழுதும்போது கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது, நடை அறிக்கை மாதிரி ஆகிவிடும். பல வாரமாகக் குறிப்பில் புதிதாக எதுவும் சேரவில்லை, ஆனால் கரு மனதை விட்டுப் போகவும் இல்லை என்றால், எழுதிப் பார்த்துவிடுங்கள்.

பாதியில் நிற்கும் அந்தக் கதைகளை இப்போது திறக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் நினைவிலிருந்து மூன்று வரியாக எழுதுங்கள். எதை எழுதும்போது நாலாவது வரி கேட்காமலேயே வருகிறதோ, அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.